பசித்த குன்றுகளின் ஒயின்

இத்தாலியின் லாங்கே பகுதியில் ஒரு கோப்பை பரோலோவுக்குப் பின்னால் இருக்கும் கதை

1986 மார்ச் மாதம். வட இத்தாலியில் மலிவு விலை ஒயின் குடித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக மருத்துவமனைக்குத் தூக்கிவரப்பட்டார்கள். பலருக்குப் பார்வை போனது. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒயினில் போதையின் அளவை உயர்த்திக் காட்ட மெத்தனால் கலந்திருக்கிறார்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது. 2024-ல் கள்ளக்குறிச்சியில் நாம் பார்த்த அதே மெத்தனால்தான். அந்த விஷ ஒயின் புறப்பட்ட இடங்களில் முக்கியமானது நார்த்சோலே என்ற சிற்றூர். அங்கிருந்து பரோலோ கிராமத்துக்கு அதிக தூரமில்லை. குன்றேறி இறங்கினால் வந்துவிடும்.

இன்று அதே குன்றுகளுக்கு உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மாதக்கணக்கில் முன்பதிவு செய்து, ஒரு மேசையில் நான்கு கோப்பைகளை வரிசையாக வைத்துக்கொண்டு, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து, ஒரு வாய் எடுத்துச் சுழற்றிவிட்டு, பக்கத்திலிருக்கும் பாத்திரத்தில் துப்புகிறார்கள். அதற்குப் பணமும் கொடுக்கிறார்கள். நல்ல சரிவில் இருக்கும் ஒரு ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் 20 லட்சம் யூரோவைத் தாண்டி விலைபோகிறது. யுனெஸ்கோ 2014-ல் இந்தத் தோட்டங்களையும் பக்கத்து மோன்ஃபெர்ராத்தோ குன்றுகளையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நாற்பது வருடத்துக்குள் இவ்வளவு தூரம் எப்படி வந்தார்கள்? லாங்கேவுக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. ரோஜா வாசனை வருகிறதா, செர்ரி வாசனை வருகிறதா என்ற ஆராய்ச்சியிலேயே அவர்களின் பொழுது போய்விடுகிறது.

லாங்கே இருப்பது வடமேற்கு இத்தாலியின் பியட்மாண்ட் மாநிலத்தில். துரின் நகரிலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆல்பாவுக்குப் போய்விடலாம். தனாரோ நதிக்கரையில் செங்கல் கோபுரங்களோடு நிற்கும் இந்தச் சிறு நகரம்தான் பகுதிக்குத் தலைநகர் மாதிரி. தென்மேற்கே பரோலோவையும் சேர்த்து 11 ஊர்கள். வடகிழக்கே பார்பரெஸ்கோ, நெய்வே, த்ரெய்சோ ஆகிய மூன்று ஊர்களும் ஆல்பாவின் ஒரு துண்டும். பரோலோ, பார்பரெஸ்கோ என்று ஊர்ப் பெயரிலேயே வரும் இரண்டு ஒயின்களையும் செய்வது நெபியோலோ என்ற ஒரே கருந்திராட்சையிலிருந்துதான். மற்ற ரகங்கள் எல்லாம் பழுத்து அறுவடை முடிந்த பிறகு, மூடுபனி குன்றுகளைச் சுற்றிக்கொள்ளும் அக்டோபரில் பழுப்பதுதான் அதன் பழைய வழக்கம். எல்லா இடத்திலும் வராது. குளிர்காலத்தில் எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறதோ அங்கே நெபியோலோவை நடு என்பது ஊர்ப் பெரியவர்களின் கணக்கு.

மாலையானால் விலை இறங்கும்

இந்த நிலத்தின் பழைய முகத்தைப் பார்க்க ஒயின் புத்தகங்கள் உதவாது, நாவல்கள் உதவும். பெப்பே ஃபெனோலியோ 1954-ல் எழுதிய ‘லா மலோரா’வில், கடனில் மூழ்கிய குடும்பம் தன் மகனை இன்னொரு குத்தகைக்காரன் வீட்டுக்குப் பண்ணையாளாக அனுப்புகிறது. அவனும் ஏழைதான். அங்கும் அரைவயிறு. ஃபெனோலியோ ஆல்பாக்காரர். எழுத்தால் வயிறு நிறையாததால் ஆல்பாவில் ஒரு ஒயின் கம்பெனியில் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இந்த இடத்தில் சுவையான தகவல். பக்கத்தில் சான்தோ ஸ்தெஃபானோ பெல்போவில் பிறந்த சேசரே பவேசே, அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போய்த் திரும்பும் ஒருவனை வைத்து 1950-ல் தன் கடைசி நாவலை வெளியிட்டார். இந்தக் குன்றுகளை விட்டு ஓடியவர்களின் எண்ணிக்கை அவ்வளவு.

திராட்சை இருந்தது, காசு இல்லை. பெரும்பாலான விவசாயிகள் தாங்களே ஒயின் செய்து பாட்டிலில் அடைத்து விற்கும் நிலையில் இல்லை. அறுவடை முடிந்ததும் ஆல்பாவின் சவோனா சதுக்கத்துக்கு வண்டியில் திராட்சையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வியாபாரிகள் ஒரு விலை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பறித்த திராட்சை காத்திருக்காது. வெயில் ஏற ஏற விலை இறங்கும். மாலையானால் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுப் போக வேண்டியதுதான். தக்காளியையும் கொத்தமல்லியையும் சந்தையில் கொட்டிவிட்டு வந்த நம் விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இளைஞர்கள் துரினின் ஃபியட் தொழிற்சாலைக்கும், ஆல்பாவிலேயே சாக்லேட் செய்ய ஆரம்பித்திருந்த ஃபெரேரோவுக்கும் போனார்கள். நுடெல்லா 1964-ல் பிறந்தது இந்த ஊரில்தான். ஃபெரேரோ கிராமங்களுக்குப் பேருந்து அனுப்பி ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது. ஷிஃப்ட் முடித்து வீடு திரும்பியவர்கள் மாலையில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார்கள். லாங்கேயின் கொடிகள் முழுக்க அழியாமல் பிழைத்ததில் அந்தப் பேருந்துகளுக்கும் பங்கு உண்டு. இதை எந்த ஒயின் லேபிளும் சொல்லாது.

பெண்கள் இன்னும் வேகமாக வெளியேறினார்கள். மண்ணை நம்பி இருப்பவனுக்கு யார் கழுத்தை நீட்டுவார்? குன்றின் மேல் தங்கிவிட்ட ஆண்களுக்குக் கலாப்ரியா போன்ற தெற்கு மாநிலங்களிலிருந்து தரகர்கள் வழியாகப் பெண் கொண்டுவந்தார்கள். புகைப்படத்தைப் பார்த்துச் சம்மதித்து, நாட்டின் மறுகோடிக்கு ரயிலேறி, மொழியே புரியாத மாமியார் வீட்டில் இறங்கிய பெண்கள் உண்டு. கூனேயோக்காரரான நூத்தோ ரெவெல்லி ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு வீடாகப் போய், அந்தப் பெண்களின் வாக்குமூலங்களை 1985-ல் புத்தகமாக்கினார். இன்று ஒயின் ஊற்றிக் கொடுக்கும் சில வீடுகளின் பாட்டிமார்கள் அவர்கள்.

சீமாட்டி, ராஜா, பாதிரியார்

பரோலோவுக்கு ஒரு அரண்மனைக் கதையும் இருக்கிறது. சுற்றுலா வழிகாட்டிகள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். பிரான்ஸில் பிறந்த ஜூலியெத் கோல்பேர், 1806-ல் பரோலோ பிரபு குடும்பத்துக்கு மருமகளாக வந்தார். அதுவரை இங்கே நெபியோலோ ஒயின் பெரும்பாலும் இனிப்பாகவே இருந்தது. பழம் தாமதமாகப் பழுக்கும், குளிர் வந்து நொதித்தல் பாதியில் நிற்கும், சர்க்கரை மிச்சமிருக்கும். 19-ம் நூற்றாண்டின் முற்பாதியில் அதைக் கடைசிவரை நொதிக்கவிட்டு, இனிப்பற்ற, நீண்ட நாள் தாங்கும் ஒயினாக மாற்றினார்கள். அந்தச் சீமாட்டி, பக்கத்து கிரின்சானே ஊரின் மேயராக இருந்து பின்னாளில் இத்தாலியின் முதல் பிரதமரான காவூர், நிலவறைத் தொழில்நுட்பம் எழுதிய ஸ்தாலியேனோ, பிரெஞ்சு வியாபாரி ஊதார் என்று இந்தப் பெருமையைப் பல பேருக்குச் சொல்கிறார்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பியட்மாண்டை ஆண்ட கார்லோ ஆல்பெர்த்தோ ராஜா பரோலோவை ருசி பார்க்க ஆசைப்பட்டபோது, தவக்காலத்தின் 40 நாள் போக மீதி நாளுக்கு ஒன்றாக 325 பீப்பாய்களைச் சீமாட்டி வண்டிகளில் அனுப்பினார் என்பது ஊர்க்கதை. கணக்குப் பார்க்காமல் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. துரின் சிறையில் பெண் கைதிகளின் நிலையை மாற்ற அவர் வாழ்நாளெல்லாம் உழைத்தது மட்டும் கதையல்ல, வரலாறு.

எனக்கு இந்த அரண்மனையைவிட பார்பரெஸ்கோவின் தேவாலய நிலவறைதான் பெரிதாகப் படுகிறது. ஆல்பாவின் ஒயின் கல்லூரி முதல்வராக இருந்த தொமித்சியோ காவாத்சா, 1894-ல் பார்பரெஸ்கோ விவசாயிகளைச் சேர்த்து ஒரு கூட்டுறவை ஆரம்பித்தார். அதுவரை இவர்களின் திராட்சை பரோலோவின் பேரில் கரைந்து போய்க்கொண்டிருந்தது. பாசிஸ்டுகள் காலத்தில் அந்தக் கூட்டுறவு மூடப்பட்டது. பிறகு 1958-ல் ஊர்ப் பாதிரியார் ஒருவர் 19 சிறு விவசாயிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மறுபடி சேருங்கள், இல்லாவிட்டால் ஊரே காலியாகிவிடும் என்று வழிக்குக் கொண்டுவந்தார். முதல் சில வருடங்கள் தேவாலயத்தின் அடித்தளத்திலேயே ஒயின் செய்தார்கள். இன்று 50-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் உறுப்பினர்கள். விதி கண்டிப்பானது: உறுப்பினர் தன் நெபியோலோ முழுவதையும் கூட்டுறவுக்கே தர வேண்டும், நல்லதை ஒளித்து வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட முடியாது. பழத்தின் தரத்தைப் பார்த்துப் பணம். உலகின் மிகச் சிறந்த ஒயின் கூட்டுறவுகளில் ஒன்று என்று விமர்சகர்கள் இதைச் சொல்வதில் மிகையில்லை. சதுக்கத்தில் மாலைவரை காத்து நின்ற விவசாயிக்குக் கிடைத்த நேரான பதில் இதுதான்.

ரம்பம் எடுத்த மகன்

இன்னொரு பதில் வீட்டுக்குள் கலவரமாக வந்தது. லா மோர்ரா ஊரின் எலியோ அல்தாரே என்ற இளைஞர் 1976-ல் பிரான்ஸின் பர்கண்டிக்குப் போனார். தன் தந்தையைப் போலவே சில ஹெக்டேர் மட்டும் வைத்திருந்த அங்குள்ள விவசாயிகள் வசதியாக வாழ்வதைக் கண்டார். ஊர் திரும்பியதும் திராட்சைக் குலைகளைப் பாதியில் வெட்டி எறிந்தார். மிஞ்சிய குலைகள் செறிவாகப் பழுக்கட்டும் என்பதற்காக. விளைந்ததைத் தரையில் போடுகிறானே என்று தந்தை துடித்தார். 1983-ல் அல்தாரே சங்கிலி ரம்பத்தை எடுத்து, நிலவறையிலிருந்த பழைய பெரிய பீப்பாய்களை அறுத்துத் தள்ளினார். தந்தை அவரைச் சொத்திலிருந்து விலக்கிவிட்டார்.

பீப்பாயில் அப்படி என்ன இருக்கிறது? பழைய முறையில் தோலோடு சாற்றை ஒரு மாதம், அதற்கும் மேலாக ஊறவிட்டு, ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் ஸ்லவோனிய ஓக் பீப்பாய்களில் வருடக்கணக்கில் போட்டு வைப்பார்கள். வாங்கியவர் பத்து, பதினைந்து வருடம் காத்திருந்தால்தான் ஒயின் இளகும். அல்தாரேயும் நண்பர்களும் ஊறவிடும் காலத்தைச் சில நாட்களாகக் குறைத்து, 225 லிட்டர் கொள்ளும் புதிய பிரெஞ்சுப் பீப்பாய்க்கு மாறினார்கள். ஒயின் சீக்கிரமே மென்மையானது. வனிலா வாசனை வந்தது. அமெரிக்காவில் அள்ளிக்கொண்டு போனார்கள்.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர் பரோலோ கிராமத்தின் பார்த்தோலோ மஸ்கரெல்லோ. போரின்போது பாசிசத்துக்கு எதிராக நின்றவர். சின்னப் பீப்பாயை நிலவறைக்குள் விடமாட்டேன் என்றார். தன் பாட்டில்களுக்குத் தானே லேபிள் வரைவார். ஒருமுறை, வலதுசாரி அரசியல்வாதி பெர்லுஸ்கோனியைக் குறிவைத்து, ‘சின்னப் பீப்பாயும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்’ என்று ஒரு லேபிளில் எழுதினார். அரசியலும் ஒயினும் ஒரே பாட்டிலில். இன்று அந்த லேபிள் சேகரிப்பாளர்களின் பொக்கிஷம்.

யார் ஜெயித்தார்கள்? இருவருமே பாதி. புதிய பீப்பாயின் வனிலா மோகம் அடங்கிவிட்டது. பெரிய பீப்பாய் திரும்ப வந்துவிட்டது. ஆனால் நிலவறையின் சுத்தம், குலைகளைக் குறைப்பது, விவசாயி தன் பெயரில் பாட்டில் அடைப்பது எல்லாம் நிலைத்துவிட்டன. மெத்தனால் சாவுகளுக்குப் பிறகு இத்தாலிய ஒயினை வாங்க ஆளில்லாமல் போன நேரத்தில், அளவைக் குறைத்துத் தரத்தைக் கூட்டியவர்கள் ஏற்கெனவே இங்கே இருந்தார்கள். லாங்கேயைக் காப்பாற்றியது அதுதான் என்று நினைக்கிறேன்.

கோப்பைக்குள்

சிறிய ஒயின் வீடு ஒன்றில் மணியடித்தால் பெரும்பாலும் கதவைத் திறப்பது அந்த வீட்டு மகளோ மகனோதான். காலையில் டிராக்டர் ஓட்டிய அதே கை. முதலில் முற்றத்தில் நின்று எதிர்க்குன்றைக் காட்டுவார்கள்: அதோ அந்த வளைவு எங்களுடையது, பக்கத்து வரிசை மாமாவுடையது. இந்தக் குன்றுகள் ஒரு காலத்தில் கடலடி. லா மோர்ரா, பரோலோ பக்கத்துச் சாம்பல்நீல மண் வயதில் இளையது. அங்கே ஒயின் நறுமணமாக, சற்று மென்மையாக இருக்கும் என்பார்கள். செர்ராலுங்கா, மோன்ஃபோர்தே பக்கம் மண் இன்னும் பழையது, இறுகியது; ஒயினும் முரட்டுத்தனமானது. விதிவிலக்குகள் ஏராளம் என்றாலும் கேட்கத் தொடங்க இது நல்ல இடம். பரோலோவின் தோட்டங்களை 2010-ல் அதிகாரபூர்வமாக எல்லை பிரித்துப் பெயரிட்டுவிட்டார்கள். கன்னூபி என்ற குன்றின் பெயர் 1752-ம் வருடப் பாட்டில் ஒன்றிலேயே இருக்கிறது.

பிறகு நிலவறை. பீப்பாய் வரிசை, ஈரவாசனை. பரோலோ விற்பனைக்கு வர அறுவடை வருடத்தின் நவம்பர் 1-லிருந்து 38 மாதம் ஆக வேண்டும். அதில் 18 மாதம் மரத்தில் இருக்க வேண்டும். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், மரத்தில் 9. இது சட்டம். வங்கிக் கடன் வட்டியைக் கட்டிக்கொண்டு மூன்று வருடத்துக்கும் மேல் சரக்கை இருட்டில் வைத்திருப்பது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை ஒயின் பேசியவர் கணக்குப் பேசத் தொடங்குவார். அந்தப் பேச்சுதான் ருசிகரமானது.

மேசையில் வரிசை தெரிந்ததுதான்: முதலில் தோல்செத்தோ, பிறகு பார்பேரா, கடைசியில் நெபியோலோ. தோல்செத்தோவும் பார்பேராவும் உள்ளூர்க்காரர்கள் தினமும் சாப்பாட்டோடு குடிப்பவை, கருஞ்சிவப்பு. பரோலோவை ஊற்றியதும் புதியவர்கள் முகம் மாறும். இவ்வளவு விலை கொடுத்த ஒயின் இப்படி வெளிறிக் கிடக்கிறதே! நெபியோலோவின் நிறம் அப்படித்தான். மாணிக்கத்தில் தொடங்கி, வயதாக ஆக ஓரத்தில் செங்கல் நிறம் ஏறும். மூக்குக்கு ரோஜா, தார், காய்ந்த செர்ரி, கொஞ்சம் சோம்பு. வாயில் வைத்த மறுநொடி ஈறு வரை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்து, கடுக்காயும் வாழைப்பூவும் தின்று வளர்ந்த நாக்கு நமது. பரோலோவின் இந்தக் குணத்தைப் பார்த்து ஐரோப்பியப் பயணிகளில் பாதிப் பேர் முகம் சுளிக்கும்போது, நமக்கு அவ்வளவு அதிர்ச்சி இருக்காது. கூடவே ஒரு துண்டு சீஸ் வைப்பார்கள். அதைக் கடித்துவிட்டு அதே ஒயினை மறுபடி ருசித்தால் துவர்ப்பு அடங்கியிருக்கும். மாட்டிறைச்சியும் முட்டை மஞ்சள்கரு நிறைந்த ‘தாயரின்’ என்ற நூடுல்ஸும் இந்த ஊரின் சாப்பாடாக இருப்பது தற்செயல் அல்ல.

துப்புவதற்குக் கூச்சப்படத் தேவையில்லை, ஊற்றுபவரே துப்புவார். இருபது வாசனைப் பெயர்களை அடுக்கும் போட்டியில் சேராதீர்கள். பழம் இருக்கிறதா, துவர்ப்பு கரடா மிருதுவா, விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற மூன்றையும் கவனித்தால் ஒரு நாளுக்குப் போதும்.

குலை வெட்டும் கைகள்

கோப்பையில் தெரியாத ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். செங்குத்துச் சரிவுகளில் இயந்திரம் ஏறாது. குலைகளைக் கையால்தான் வெட்ட வேண்டும். 1990-களிலிருந்து அந்தக் கைகளில் பெரும்பகுதி வடக்கு மாசிடோனியா, பல்கேரியா, ருமேனியாவிலிருந்து வந்தவை. அண்மையில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும். தோட்டக்காரர் நேரடியாக ஆள் வைக்காமல் ஒப்பந்தக்காரரிடம் விடும்போது கூலியில் கைவைப்பது தொடங்குகிறது. தெற்கு இத்தாலியில் கூலித்தரகர்களின் கொடுமையைத் தடுக்க 2016-ல் கடுமையான சட்டம் வந்தது. 2024-ல் ஆல்பா பகுதியிலேயே தொழிலாளர்களைச் சுரண்டிய தரகர்களை போலீஸ் கைது செய்தது. யுனெஸ்கோ பலகைக்கு அருகிலேயே. பண்ணையாளாக அனுப்பப்பட்ட ஃபெனோலியோவின் சிறுவனை எழுபது வருடம் கழித்து வேறு பெயரில் மறுபடி பார்க்கிறோம். அறுவடைக்கு யார் வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று ருசி மேசையில் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நேர்மையான வீட்டுக்காரர் பதில் சொல்வார்.

வெயிலும் மாறிவிட்டது. தாத்தா காலத்தில் அக்டோபர் கடைசிவரை காத்திருந்த நெபியோலோ, சூடான வருடங்களில் இப்போது செப்டம்பரிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறது. முன்பு ஒதுக்கித் தள்ளிய வடக்குச் சரிவுகளையும் பரோலோவில் சேர்க்கலாமா என்று உற்பத்தியாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்கிறார்கள். 2022-ன் வறட்சி, 2002-ன் ஆலங்கட்டி மழை என்று அவர்கள் வருடத்தை எண்ணும் விதமே வானிலைதான்.

போகிறவர்களுக்கு

அக்டோபர், நவம்பரில் ஆல்பாவில் வெள்ளைக் கிழங்குக்காளான் (ட்ரஃபிள்) திருவிழா. கூட்டமும் விலையும் உச்சம், தவிர்க்கலாம். மே, ஜூன் நல்லது. மே கடைசி வார இறுதியில் இத்தாலி முழுக்க ஒயின் வீடுகள் கதவைத் திறந்து வைக்கும் நிகழ்வு 1993-லிருந்து நடக்கிறது. மற்ற நாட்களில் இரண்டு, மூன்று வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தொலைபேசியில் கூப்பிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். பெரிய நிறுவனம் ஒன்று, குடும்பம் நடத்துவது ஒன்று என்று எடுத்துக்கொண்டால் வித்தியாசம் தெரியும். பரோலோ கோட்டையின் ஒயின் அருங்காட்சியகம் விளக்கு வேடிக்கை அதிகம். மழை பெய்தால் போகலாம். கிரின்சானே கோட்டையில் 1967-லிருந்து இயங்கும் ஒயின் கூடத்தில் பல ஊர்ப் பாட்டில்களை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

காரை நீங்கள் ஓட்டாதீர்கள். இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராமைத் தாண்டினால் குற்றம். லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு ஒரு துளியும் கூடாது. மலைப்பாதை வேறு. குடிக்காதவரும் கூட வரலாம். மண்ணையும் நிலவறையையும் பார்க்க, கதை கேட்க ஒயின் தேவையில்லை.

இந்தியாவுக்குள் ஒருவர் வரியில்லாமல் கொண்டுவர முடிவது 2 லிட்டர்; அதாவது இரண்டு பாட்டில். என் தேர்வு: கூட்டுறவின் பார்பரெஸ்கோ ஒன்று, ஏதாவது ஒரு சிறு வீட்டின் பார்பேரா ஒன்று. பரோலோவை வாங்கி மகள் கல்யாணத்துக்குத் திறக்கலாம் என்று அலமாரியில் வைக்காதீர்கள். அதற்கு வருடம் முழுக்க 12 முதல் 15 டிகிரிக் குளிர் வேண்டும். சென்னையின் ஒரு கோடையே அதைக் கெடுத்துவிடும்.